பிணைப்புப் பாணிக் கேள்வித்தாள்கள்: சிகிச்சையாளர் தன்னைப் பார்க்க எது உதவும்?

பிணைப்புப் பாணி, அதாவது நெருங்கிய உறவில் நெருக்கத்தையும் பிரிவையும் ஒருவர் எதிர்கொள்ளும் விதம், பற்றிப் பேச்சு எடுக்கும் உளசிகிச்சைப் பயிற்சிகளில் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது ஈ.சி.ஆர்.-ஆர் (நெருங்கிய உறவு அனுபவங்கள், திருத்திய வடிவம்) கேள்வித்தாள்தான். 36 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். கடைசியில் இரண்டு எண்கள் மிஞ்சும். ஒன்று, நெருங்கியவர் விட்டுப் போய்விடுவாரோ என்ற பதற்றத்தின் அளவு. மற்றது, நெருக்கம் கூடும்போது ஒதுங்கிக்கொள்ளும் விலகலின் அளவு. ஆராய்ச்சிக்காகச் செய்த கருவி இது. சிகிச்சையாளர் தன் வேலையைத் தானே திரும்பிப் பார்க்க இது எந்த அளவுக்கு உதவும் என்பதுதான் இங்கே கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஈ.சி.ஆர்.-ஆர் இலவசம், எளிது, ஆராய்ச்சியில் நன்றாகப் புடம்போடப்பட்டது. ஆனால் சிகிச்சையாளருக்கு அது தரும் மதிப்பெண்ணைவிட, பதில் போடும்போது பேனா எங்கே தயங்கியது என்பதே அதிகம் சொல்லும். இரண்டு எண்ணும் தாழ்ந்திருப்பதை மட்டும் பார்த்து "நான் பாதுகாப்பான பாணி" என்று கோப்பை மூடிவைத்தால் கருவி கெடுதலே செய்யும். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று என்ற நிம்மதியை அது கொடுத்துவிடுகிறது. அமர்வின் ஒலிப்பதிவோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இதே 36 வாக்கியங்கள் மிக நன்றாக வேலை செய்யும்.

எங்கிருந்து வந்தது

ஜான் பௌல்பி தன் பிணைப்புக் கோட்பாட்டின் முதல் தொகுதியை 1969இல் வெளியிட்டார். மேரி எய்ன்ஸ்வொர்த் ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடம் பிரித்துவைத்து, தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். பிரியும் நேரத்து அழுகையைவிட, மீண்டும் சேரும் அந்தக் கணத்தில்தான் பாணி தெரிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1987இல் ஹசானும் ஷேவரும் இதைப் பெரியவர்களின் காதல் உறவுக்குக் கொண்டுவந்தார்கள், மூன்றே பத்திகளைக் கொடுத்து எது உங்களுக்குப் பொருந்தும் என்று கேட்டு. 1991இல் பார்த்தலோமியூவும் ஹொரோவிட்ஸும் அதை நான்கு பத்தியாக்கினார்கள்.

1998இல் பிரென்னன், கிளார்க், ஷேவர் மூவரும் அதுவரை புழக்கத்தில் இருந்த கேள்வித்தாள்களை எல்லாம் சேர்த்து 323 வாக்கியங்களாகத் திரட்டி, ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் கொடுத்துச் சலித்தெடுத்தார்கள். அடியில் மிஞ்சியவை இரண்டே அச்சுகள்: பதற்றமும் விலகலும். அச்சுக்கு 18 வீதம் 36 வாக்கியங்கள் கொண்ட ஈ.சி.ஆர் அப்படி உருவானது. 2000இல் ஃபிரேலி, வாலர், பிரென்னன் அதே வாக்கியக் குவியலிலிருந்து வேறு புள்ளியியல் முறையில் மறுபடி தேர்ந்தெடுத்தது ஈ.சி.ஆர்.-ஆர். ஆட்களை நான்கு பாணிப் பெட்டிகளில் போடும் பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. இரண்டு அச்சிலும் ஒவ்வொருவரும் எங்கோ ஓர் இடத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். 4ஐ நடுக்கோடாக வைத்து ஆட்களை நான்காகப் பிரிப்பது இன்னும் பல பயிற்சிகளில் நடக்கிறது. 3.9 எடுத்தவரும் 4.1 எடுத்தவரும் கிட்டத்தட்ட ஒரே ஆள் என்பதை அந்தப் பிரிவு மறைத்துவிடும்.

மதிப்பெண் போடும் முறை, அதில் வரும் தவறு

முதல் 18 வாக்கியங்கள் பதற்றத்துக்கு உரியவை, 19 முதல் 36 வரை விலகலுக்கு. ஆனால் இந்த வரிசையிலேயே அச்சடித்துக் கொடுக்கக் கூடாது. கலைத்துத்தான் கொடுக்க வேண்டும். வரிசையாகக் கொடுத்தால் ஐந்தாறு வாக்கியம் தாண்டுவதற்குள் "இது எதைக் கேட்கிறது" என்று பிடிபட்டுவிடும். சிகிச்சையாளருக்கு மற்றவர்களைவிட முன்பே பிடிபடும். கலைக்கும்போது மூல எண்ணைப் பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூட்டும்போது குழம்பும்.

சில வாக்கியங்கள் எதிர்த்திசையில் கேட்பதால் அவற்றின் எண்ணைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அவை, மூல எண்ணின்படி: பதற்றத்தில் 9, 11. விலகலில் 20, 22, 26, 27, 28, 29, 30, 31, 33, 34, 35, 36. மாற்றுவது எளிது. 8இலிருந்து எழுதிய எண்ணைக் கழித்தால் போதும். 6 என்றால் 2 ஆகும், 7 என்றால் 1. பிறகு அச்சுக்கு 18 எண்களையும் கூட்டி 18ஆல் வகுக்க வேண்டும்.

கையால் கணக்குப் போடுபவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த மாற்றத்தைத்தான், விலகல் அச்சில் அதன் விளைவும் பெரிது. ஒருவருக்கு நெருக்கம் இயல்பாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "மனம் திறப்பது சிரமம்" வகையிலான ஆறு நேர் வாக்கியங்களுக்கு 2 போடுகிறார். "சாய்ந்துகொள்வது எளிது" வகையிலான பன்னிரண்டு தலைகீழ் வாக்கியங்களுக்கு 6 போடுகிறார். சரியாக மாற்றினால் அவருடைய விலகல் 2.0. மாற்ற மறந்தால் 12ம் 72ம் சேர்ந்து 84. 18ஆல் வகுத்தால் 4.67. நெருக்கத்தில் நிம்மதியாக இருக்கும் ஆள், காகிதத்தில் ஒதுங்கிப்போகும் ஆளாகிவிடுவார். விலகல் மதிப்பெண் எதிர்பாராமல் 4.5ஐ ஒட்டி வந்தால், மனதைக் குடைவதற்கு முன்பு கூட்டலைச் சரிபாருங்கள்.

பதற்ற அச்சில் வேறொரு குறை. 18இல் 16 வாக்கியங்கள் ஒரே திசையில் கேட்கின்றன. எதற்கும் "ஆமாம்" என்று சாயும் பழக்கம் உள்ளவருக்கு அந்த எண் வீங்கிவிடும். இரண்டு அச்சுகளும் ஒன்றோடொன்று பழைய ஈ.சி.ஆரில் இருந்ததைவிட இதில் அதிகம் ஒட்டி நகர்வதையும் கவனிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அது தனித்தனியான இரண்டு செய்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

திரும்ப எழுதும்போது 0.3, 0.4 அளவு இறங்கியிருந்தால் அதை வளர்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். இப்படிப்பட்ட கேள்வித்தாளில் இயல்பாக உள்ள அளவீட்டுப் பிழையே ஏறத்தாழ அவ்வளவு இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். வாரா வாரம் எழுதினால் போன வாரப் பதிலைத்தான் நினைவிலிருந்து எழுதுவோம்.

சிகிச்சையாளருக்கு ஏன் பாதிதான் பொருந்துகிறது

முதல் காரணம், அளவுகோலின் துல்லியம் எங்கே இருக்கிறது என்பது. பதற்றமோ விலகலோ மிகுந்தவர்களிடையே உள்ள வேறுபாட்டை ஈ.சி.ஆர்.-ஆர் நன்றாகப் பிரித்துக் காட்டும். பாதுகாப்பான முனையில், அதாவது 1க்கும் 2.5க்கும் இடையில், அந்த நுணுக்கம் இல்லை. இதை உருவாக்கியவர்களே 2000ஆம் ஆண்டுக் கட்டுரையில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற சிகிச்சையாளருக்கு எந்தப் பதில் ஆரோக்கியமாகத் தெரியும் என்பது அத்துப்படி. பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் கை தாழ்ந்த எண்ணை நோக்கிப் போகும். கருவி மங்கலாகப் பார்க்கும் இடத்தில் போய் அவர் நின்றுகொள்கிறார்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. விலகல் பாணி உள்ளவருக்கு உள்ளே எழும் கலக்கம் தனக்கே தெரியாமல் போவதுதான் அந்தப் பாணியின் இயல்பு. டோசியரும் கோபக்கும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், பிணைப்பு பற்றிய நேர்காணலின்போது மாணவர்களின் தோல் மின்கடத்தலை, அதாவது உள்ளே கலக்கம் எழும்போது வியர்வையால் உயரும் அளவை, பதிவு செய்தார்கள். பிரிவையும் பெற்றோரின் நிராகரிப்பையும் பற்றிக் கேட்டபோது, ஒதுக்கித் தள்ளும் பாணியில் பேசியவர்களுக்கு அந்த அளவு ஏறியது. உடம்பு அலறுகிறது, பேச்சு சாதாரணமாக இருக்கிறது. இப்படிப்பட்டவரிடம் "உங்களுக்கு நெருக்கம் சங்கடமா?" என்று காகிதத்தில் கேட்டு வாங்கும் பதிலை எவ்வளவு நம்புவது?

மூன்றாவது, கேள்விகள் காதல் துணையைப் பற்றியவை. அமர்வில் சிகிச்சையாளர் அடைக்கலம் தேடுபவர் அல்ல, அடைக்கலம் தருபவர். பாத்திரமே மாறிவிடுகிறது. துணையோடு அமைதியாக இருப்பவர், தன்னை நம்பி வந்த ஒருவர் கோபப்படும்போது ஆடிப்போகலாம். வீட்டில் பேச்சே இல்லாதவர் அமர்வில் அருமையாக இருக்கலாம்.

ஒன்பது வாக்கியத் தம்பி

இந்த மூன்றாவது குறைக்கு ஒரு நல்ல மாற்று இருக்கிறது. 2011இல் ஃபிரேலியும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஈ.சி.ஆர்.-ஆர்.எஸ். ஒன்பதே வாக்கியங்கள், அவற்றைத் தாய், தந்தை, துணை, நண்பர் என்று ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனியாகப் பதிலளிக்க வேண்டும். முதல் ஆறு விலகலுக்கு, அவற்றில் முதல் நான்கு தலைகீழ். கடைசி மூன்று பதற்றத்துக்கு. என் மதிப்பீட்டில் சிகிச்சையாளருக்கு இதுதான் முதலில் கையில் எடுக்க வேண்டிய கருவி.

காரணம், உறவுக்கு உறவு எண் மாறுவதை அது கண்முன் வைக்கிறது. தாயிடம் விலகல் 5.5, நண்பரிடம் 1.5 என்று வரும்போது "நான் இன்ன பாணி" என்ற பேச்சு தானாக அடங்கிவிடும். "யாரிடம், எப்போது" என்ற கேள்வி எழும். சுயபரிசோதனைக்குத் தேவையான கேள்வி அதுதான்.

இன்னொரு படியும் போகலாம். வாக்கியங்களில் "இந்த நபர்" என்று வரும் இடத்தில் உங்கள் சூப்பர்வைசரை, அதாவது உங்கள் கேஸ்களைக் கேட்டு வழிகாட்டும் மூத்த சிகிச்சையாளரை, வைத்து ஒன்பதுக்கும் பதிலளியுங்கள். தேவை வரும்போது இவரிடம் போவது உதவுகிறதா, உள்ளே என்ன நினைக்கிறேன் என்று இவரிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்கவே விரும்புகிறேனா போன்ற வாக்கியங்கள் அந்த உறவுக்கு அப்படியே பொருந்தும். சூப்பர்விஷனுக்கு எந்த கேஸைக் கொண்டுபோகிறோம், எதைக் கொண்டுபோவதே இல்லை என்பதற்கு விளக்கம் அங்கேயே கிடைத்துவிடும். கிளையன்டை வைத்துப் பார்ப்பதென்றால் முதல் ஆறையும் விட்டுவிடுங்கள். நம் கவலைகளைக் கிளையன்டிடம் பேசுவதில்லை, பேசவும் கூடாது, ஆகவே அங்கே விலகல் எண்ணுக்குப் பொருளில்லை. கடைசி மூன்றை மட்டும் ஒருவரை மனதில் வைத்துப் பாருங்கள்: இவர் என்னை விட்டுப் போய்விடுவாரோ, நான் அக்கறைப்படும் அளவுக்கு இவர் என்மீது அக்கறைப்படவில்லையோ. இப்படி மாற்றிப் பயன்படுத்துவதற்கு ஆராய்ச்சி ஆதரவு கிடையாது, அது அளவீடும் அல்ல. ஆனால் எட்டுப் பேருக்கு 1 போட்டுவிட்டு ஒன்பதாவது ஆளுக்கு 4 போட நேர்ந்தால், அடுத்த சூப்பர்விஷனுக்கு யாரைக் கொண்டுபோக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பன்னிரண்டு வாக்கியச் சுருக்க வடிவம் ஒன்றும் 2007இலிருந்து இருக்கிறது. ஆராய்ச்சியில் நேரம் மிச்சப்படுத்த நல்லது, நமக்கு அதனால் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை. தன் மனதையும் பிறர் மனதையும் புரிந்துகொள்ளும் திறனை அளப்பதாகச் சொல்லும் எட்டு வாக்கிய ஆர்.எஃப்.க்யூ-வை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மதிப்பெண் போடும் முறையே கடுமையான விமர்சனத்துக்கு உள்ளாகியிருக்கிறது.

நேர்காணல் எங்கே வேறுபடுகிறது

ஜார்ஜ், கப்லன், மெயின் மூவரும் 1980களில் உருவாக்கிய பெரியோர் பிணைப்பு நேர்காணல் வேறு வகை. ஏறத்தாழ இருபது கேள்விகள், ஒரு மணி நேரம் பிடிக்கும். சிறு வயதில் தாயோடு இருந்த உறவை விவரிக்க ஐந்து சொற்கள் கேட்பார்கள். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரமாக ஒரு நினைவைக் கேட்பார்கள். தந்தைக்கும் அப்படியே. பிறகு நோய்வாய்ப்பட்டபோது என்ன நடந்தது, பிரிவு, இழப்பு, மிரட்டல் என்று போகும். ஒலிப்பதிவைச் சொல்லுக்குச் சொல் எழுதி, பேச்சு எவ்வளவு ஒத்திசைவாக இருக்கிறது என்று பார்க்கிறார்கள். குழந்தைப் பருவம் நன்றாக இருந்ததா மோசமாக இருந்ததா என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை.

வேறுபாடு எப்படித் தெரியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் "அன்பானவர்" என்ற சொல்லைக் கொடுக்கிறார். நினைவு கேட்டால், "ஆமாம், ரொம்ப அன்பு. எல்லா அம்மாவும் போலத்தான். எதுவும் குறை வைக்கவில்லை" என்கிறார். மறுபடி கேட்டாலும் குறிப்பாக ஒரு நாள், ஒரு நிகழ்ச்சி வரவில்லை. சொல் இருக்கிறது, ஆதாரம் இல்லை. ஒதுக்கித் தள்ளும் பாணியின் தடம் இது. இன்னொருவர் "கோபக்காரர்" என்று தொடங்கி, பத்து நிமிடம் நிற்காமல் போன வாரம் தொலைபேசியில் நடந்த சண்டை வரை வந்துவிடுகிறார், கேட்ட கேள்வி எங்கோ போய்விட்டது. இது உறவில் இன்னும் சிக்கிக்கிடக்கும் பாணி. மூன்றாமவர், "கண்டிப்பானவர். ஒரு முறை தாமதமாக வந்ததற்குக் கதவைத் திறக்கவில்லை, வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவருக்கு அப்போது என்ன பயம் என்று இப்போது புரிகிறது, ஆனால் அன்றைக்கு எனக்கு ரொம்ப வலித்தது" என்று நிறுத்துகிறார். கசப்பான நினைவு, பாதுகாப்பான பேச்சு.

கேள்வித்தாளும் நேர்காணலும் ஒன்றையே அளக்கின்றன என்று நினைப்பவர்கள் ஓர் எண்ணைக் கவனிக்க வேண்டும். ராய்ஸ்மனும் உடனிருந்தவர்களும் 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டுக்கும் இடையிலான தொடர்பு 0.09. கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம்.

சிகிச்சையாளரின் பிணைப்பு சிகிச்சையைப் பாதிக்கிறது என்பதற்குக் காட்டப்படும் பழைய, நல்ல ஆதாரங்கள் சில இந்த நேர்காணலை வைத்துச் செய்தவை. கடுமையான மனநோய் உள்ளவர்களோடு பணியாற்றிய கேஸ் மேனேஜர்களை டோசியரின் குழு 1994இல் ஆராய்ந்தது. பாதுகாப்பான பாணியினர் கிளையன்டின் மேற்பூச்சுக்கு அடியில் இருந்த தேவைக்குப் பதிலளித்தார்கள். மற்றவர்கள் வெளியே தெரிந்ததற்கே பதிலளித்தார்கள். 1999இல் டிரெல் தலைமையில் வந்த ஆய்வில், உணர்வை அடக்கிவைக்கும் கிளையன்டுக்கு அப்படி அடக்காத கேஸ் மேனேஜரோடும், உணர்வு பொங்கும் கிளையன்டுக்குச் சற்று அடக்கமானவரோடும் உறவு நன்றாக அமைந்தது. ஆக, இந்த ஆய்வுகளைக் காட்டி, ஈ.சி.ஆர்.-ஆரில் 2.1 எடுத்த நான் நல்ல சிகிச்சையாளர் என்று யாரும் முடிவுகட்ட முடியாது. கருவி வேறு.

நேர்காணலுக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இரண்டு வாரப் பயிற்சியும், பிறகு மாதக்கணக்கில் நீளும் நம்பகத்தன்மைத் தேர்வும் உண்டு. ஆனால் ஐந்து சொல் பகுதியை மட்டும் கடன் வாங்கலாம். ஐந்து சொற்களையும், சொல்லுக்கு ஒரு நினைவையும் ஒலிப்பதிவு செய்து, ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள். நினைவே வராமல் பொதுவாகப் பேசி நகர்ந்த இடம், கேள்வியை விட்டு ஓடிய இடம், காலம் மாறி நிகழ்காலத்தில் பேசத் தொடங்கிய இடம், இந்த மூன்றையும் குறியுங்கள். இழப்பு, துன்புறுத்தல் பற்றிய கேள்விகளைத் தனியாகத் தொடவே வேண்டாம். அவற்றுக்கு இடம் உங்கள் சொந்த சிகிச்சை. அண்மையில் யாரையாவது இழந்திருந்தால் இந்தப் பயிற்சியையே தள்ளிப்போடுங்கள்.

ஒலிப்பதிவு இல்லாமல் எதுவும் நிறைவாகாது

கேள்வித்தாள் எதைச் சொன்னாலும், பாணி வெளிப்படுவது அமர்வில்தான். எய்ன்ஸ்வொர்த் கண்டது போலவே, பிரிவையும் மீண்டும் சேர்வதையும் ஒட்டிய நேரங்களில்: அமர்வின் கடைசி ஐந்து நிமிடம், விடுப்புக்குப் பிறகான முதல் அமர்வு, ரத்தான அமர்வுக்கு அடுத்தது, கோபத்துக்குப் பின் வரும் மௌனம்.

ஓர் இடத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமர்வு முடிய நான்கு நிமிடம் இருக்கிறது. கிளையன்ட் கைப்பையை எடுத்துக்கொண்டே, "அடுத்த வாரம் வர முடியாது போல. அதற்கடுத்தும் பார்க்கலாம்" என்கிறார். பதற்றம் ஓங்கிய சிகிச்சையாளர் உடனே வேறு மூன்று நேரங்களைச் சொல்வார், ஏதாவது சங்கடமாகப் போய்விட்டதா என்று கேட்பார், அமர்வு பன்னிரண்டு நிமிடம் நீளும், மறுநாள் ஒரு குறுஞ்செய்தியும் போகும். விலகல் ஓங்கியவர், "பரவாயில்லை, உங்களுக்கு எப்போது வசதியோ சொல்லுங்கள்" என்பார். குரலில் மரியாதை இருக்கும், உள்ளே மெல்லிய ஆறுதல் இருக்கும். அந்த ஆறுதலைத்தான் பிடிக்க வேண்டும். குறிப்பேட்டில் அவர் "கிளையன்டின் சுயாதீனத்தை மதித்தேன்" என்று எழுதியிருப்பார். முதலாமவர் "அக்கறையைத் தெரிவித்தேன்" என்று எழுதியிருப்பார். இரண்டு பேருடைய குறிப்பிலும் கிளையன்ட் சொன்னதற்கு என்ன பொருள் என்ற கேள்வி இல்லை. "வர முடியாது போல என்று சொல்லும்போது உங்களுக்குள் என்ன ஓடுகிறது?" என்று ஒரே வரி கேட்டுவிட்டு, குறித்த நேரத்தில் முடிப்பது மூன்றாவது வழி.

இதைப் பார்ப்பதற்கு 1960களில் நார்மன் கேகன் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பதிவு நினைவுகூரல் முறையைவிட நல்லது இன்னும் வரவில்லை என்பேன். அமர்வு முடிந்து இரண்டு நாளுக்குள் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் நினைவுக்குப் பதில் விளக்கம் வந்து உட்கார்ந்துவிடும். முழு அமர்வும் வேண்டாம். நெருடலான பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது உறுத்தும் இடத்தில் பதிவை நிறுத்தி நான்கைக் கேளுங்கள்: அப்போது உடம்பில் என்ன இருந்தது, என்ன சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன், அவர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று நினைத்தேன், அவரிடமிருந்து என்ன வேண்டுமென்று இருந்தேன். "ஏன் அப்படிச் செய்தேன்" என்ற கேள்வியைக் கடைசி வரை தள்ளிவையுங்கள். ஏன் என்று கேட்டவுடன் படித்த மூளை நியாயம் சொல்லத் தொடங்கிவிடும்.

கூடவே எண்ணக்கூடியவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். அமர்வு குறித்த நேரத்தைத் தாண்டி எத்தனை நிமிடம் போனது. மௌனம் எத்தனை வினாடி, அதை உடைத்தது யார். கிளையன்ட் அழுதபோது அடுத்த வாக்கியம் அவருடையதா உங்களுடையதா. வீட்டுப்பயிற்சித் தாளுக்குத் தாவிய இடம் எது, அதற்கு முந்தைய நிமிடத்தில் அவர் என்ன சொன்னார். பத்து அமர்வுக்கு இந்தக் குறிப்பு இருந்தால், ஈ.சி.ஆர்.-ஆர் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பதிவை நம்புங்கள்.

பதிவுக்குக் கிளையன்டின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். மறுத்தால் சிகிச்சை எந்த விதத்திலும் பாதிக்காது என்பது அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். கோப்பு கடவுச்சொல்லோடு, பெயர் இல்லாமல், அழிக்கும் தேதி குறித்து இருக்க வேண்டும். கைபேசியின் தானியங்கிக் காப்பு நகல் வசதியை அணைக்க மறப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் கசிவு.

எழுதும்போது வரும் சறுக்கல்

பதிவைக் கேட்டபின் எழுதுவதற்கு, ஜேம்ஸ் பென்னட்-லெவி அறிவாற்றல் நடத்தை சிகிச்சையாளர்களுக்காக வளர்த்த சுயபயிற்சி, சுயபரிசோதனை முறை நல்ல எலும்புக்கூடு. நடந்ததை முதலில் எழுதி, பிறகு அது தனிமனிதராக எனக்கு என்ன, சிகிச்சையாளராக எனக்கு என்ன என்று இரண்டு படியாகப் போவது அதன் பலம். பலர் முதல் படியிலேயே தங்கிவிடுகிறார்கள். பக்கம் பக்கமாகக் குழந்தைப் பருவம், ஆனால் அடுத்த அமர்வில் எதை மாற்றப் போகிறேன் என்று ஒரு வரியும் இல்லை. ஒவ்வொரு குறிப்பும் ஒரு கிளையன்ட், ஒரு நாள், ஒரு செயல் என்று முடிய வேண்டும்: "வியாழன் அமர்வில் கடைசி ஐந்து நிமிடத்தில் புதிய யோசனை தர மாட்டேன், நேரத்தில் முடிப்பேன்." அடுத்த பதிவில் அது நடந்ததா என்று பார்த்துவிடலாம்.

இன்னொரு சறுக்கல், பாணியையே சாக்காக்குவது. "நான் விலகல் பாணி, அதனால்தான் அப்படி" என்ற வாக்கியம் எழுதியவருக்கு ஒரு வேலையும் வைக்காது. அதன் மறுபக்கம், கிளையன்டின் மேல் முத்திரை குத்துவது. "அவர் பதற்றப் பாணி, அதனால்தான் அடிக்கடி கூப்பிடுகிறார்" என்பதில் நாம் போன மாதம் இரண்டு அமர்வை ரத்து செய்தது மறைந்துபோகும்.

கிளையன்டின் பக்கத்தைக் கேட்க விரும்பினால் மாலின்கிராட், கான்ட், கோபிள் 1995இல் உருவாக்கிய கேட்ஸ் அளவுகோல் இருக்கிறது. இதிலும் 36 வாக்கியங்கள். சிகிச்சையாளரோடு தான் பாதுகாப்பாக உணர்கிறாரா, அஞ்சி ஒதுங்குகிறாரா, ஒன்றிப்போகத் துடிக்கிறாரா என்று மூன்று கோணத்தில் அவரே சொல்வார். சில அமர்வுகள் கடந்த பிறகே கொடுக்க வேண்டும். எதிரே உட்கார்ந்து நிரப்பச் சொன்னால் மரியாதைப் பதில்தான் கிடைக்கும். வீட்டில் நிரப்பி மூடிய உறையில் தரச் சொல்லுங்கள். உங்கள் ஒதுங்கலைப் பற்றி அவருடைய தாள் சொல்வது, உங்கள் தாளில் இருப்பதைவிடப் பல நேரம் நேரடியாக இருக்கும்.

யாருக்கு, எப்படி

புதிதாகப் பயிற்சியில் இருப்பவருக்கு: ஈ.சி.ஆர்.-ஆர்.எஸ்., பத்து நிமிடப் பதிவு, சூப்பர்விஷன். மூன்றும் போதும். பல ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு ஐந்து சொல் பயிற்சியையும் கேட்ஸையும் சேர்க்கச் சொல்வேன். வழக்கத்தால் பார்வை இறுகிப்போவது அவர்களிடம்தான் அதிகம். ஈ.சி.ஆர்.-ஆரை எழுதும்போது எண் போட்டவுடன், மூன்று வினாடிக்கு மேல் தயங்கிய வாக்கியங்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். கூட்டல் முடிந்ததும் எண்ணை மறந்துவிட்டு அந்தப் புள்ளிகளை மட்டும் எடுத்துப் பேசுங்கள்.

பயிற்சி நிறுவனங்கள் இந்த மதிப்பெண்ணைத் தேர்வுக்கோ தரவரிசைக்கோ வாங்கக் கூடாது. வாங்கினால் அடுத்த ஆண்டு முதல் எல்லோருக்கும் 1.5தான் வரும், கருவி செத்துவிடும். சூப்பர்வைசருக்கும் தாளைக் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. எந்தப் புள்ளியைப் பற்றிப் பேச விரும்புகிறார் என்பதைத் தாளின் சொந்தக்காரரே முடிவு செய்யட்டும், சூப்பர்வைசர் தன் தாளிலிருந்து ஒரு புள்ளியை முதலில் எடுத்து வைக்கட்டும்.